குளத்தரை வயலாகலாமா? வன்னியின் உடைந்த குளங்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

புளியங்குளம், மாங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், பாண்டியன்குளம் என்று, இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் ஊர்ப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால், ஊரை உண்டாக்கியது எது என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஆனால் அந்தப் பெயர்களைத் தாங்கிய குளங்களில் எல்லாவற்றிலும் இன்று நீர் இல்லை. இடப்பெயர்வுக் காலங்களில் பராமரிப்பு அற்றுப்போய், கட்டு அரித்து, ஏதோ ஒரு மார்கழி வெள்ளத்தில் உடைந்து, அதன்பின் யாரும் திரும்பிப் பாராத சிறுகுளங்கள் பற்றைக்காட்டுக்குள் பல கிடக்கின்றன. கட்டு நீளமான மண்மேடாக எஞ்சியிருக்கிறது; உள்ளே இருப்பது கறுத்த, கனத்த, வண்டல் படிந்த தரை. மீள்குடியேறிய ஒரு கமக்காரரின் கண்ணுக்கு அது குளமாகத் தெரிவதில்லை; உழவு இயந்திரத்துக்குக் காத்திருக்கும் வயலாகத்தான் தெரிகிறது. அவர் பார்வையில் தவறு இல்லை. அந்த மண் நல்ல மண்தான். அதை என்ன செய்வது என்பதில் ஊருக்கு முன்னால் உள்ள வழிகளையே இங்கு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்கள் இந்தப் பேச்சுக்குள் வரமாட்டா. 200 ஏக்கர் வரையான வயலுக்கு நீர் கொடுக்கும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. முடிவெடுப்பதில் ஊரின் கமக்காரர் அமைப்புக்கு உண்மையான இடம் இருப்பதும் அந்தக் குளங்களில்தான்.

முதல் வழி, உடைப்பை உடைப்பாகவே விட்டு, அதைச் செப்பமான வடிகாலாக மாற்றி, குளத்தரையை நிரந்தர வயலாக்குவது. இரண்டாவது, கட்டையும், நீர் திறந்துவிடும் மதகான துருசையும், மிகுநீர் வழிந்தோடும் வானையும் திருத்திக் குளத்தைக் குளமாகவே மீட்பது. மூன்றாவது, குளத்தை மீட்டுக்கொண்டு, நீர் வற்றும் மாதங்களில் மட்டும் ஒழுங்குக்கு உட்பட்டுத் தரையில் பயிர் செய்வது. எதையும் செய்யாமல் மேய்ச்சல் தரையாக விடுவது நான்காவது வழியாகலாம். ஆனால் ஊர் வாய் திறக்காமல் இருந்தால் அந்த நிலத்தைச் சில வருடங்களுக்குள் யாரோ ஒருவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிடுவார் என்பதால், அதை ஒரு தெரிவாக நான் எண்ணவில்லை.

குளத்தரையை வயலாக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். கணக்குக்காக ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். நிரம்பிய நிலையில் நீர்ப்பரப்பு 20 ஏக்கர். கட்டின் அடியில் ஆழம் 8 அடி. சிறுகுளம் கிண்ணம் போன்றதல்ல, சரிவான தட்டுப் போன்றது என்பதால், பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி அதில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்தால் கொள்ளளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். அப்படிப் பார்த்தால் இது 64 ஏக்கர் அடிக் குளம்; ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. வரண்ட வலயத்தின் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாகிறது, அதாவது மாதத்துக்கு அரை அடி. மாசியில் நிரம்பியிருந்த குளம் வைகாசி வரை நின்றால், ஆவியாகவும் கசிவாகவும் போவது பாதிக்கு மேல் இருக்கும். மிஞ்சும் 30 ஏக்கர் அடியைக் கொண்டு கோடைப் போகமான சிறுபோகத்தில் நெல் விதைத்தால், வாய்க்கால் இழப்பும் சேர்த்து ஏக்கருக்கு 4 முதல் 5 அடி நீர் தேவைப்படுவதால், ஆறு ஏழு ஏக்கருக்கு மேல் செய்ய முடியாது. குளத்தரையையே வயலாக்கினால், வரம்புக்கும் வடிகாலுக்கும் விட்டதுபோகப் பதினாறு பதினேழு ஏக்கர் கிடைக்கும். ஆறு ஏக்கருக்காகப் பதினாறு ஏக்கரை நீருக்கடியில் வைத்திருப்பது என்ன புத்தி என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இதோடு, வன்னிக் குளத்தரைக்கு ஒரு தனி வசதியும் உண்டு. ஒல்லாந்தின் ஹார்லெமர்மேர் ஏரியை 1849 முதல் 1852 வரை மூன்று நீராவிப் பம்பு நிலையங்களால் இறைத்து வற்றவைத்தார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த நிலத்தில் இறைப்பை இன்றைக்கும் நிறுத்த முடியாது. நம் குளமோ மனிதர் கட்டிய மண்கட்டினால் மேலே தூக்கி நிறுத்தப்பட்ட நீர். கட்டு உடைந்தால் சரிவு தானாகவே வடித்துவிடுகிறது. பம்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

இவ்வளவும் உண்மை. ஆயினும் இந்தக் கணக்கு ஒரு போகத்தை மட்டும் பார்க்கிறது. அதுவும் சிறுகுளத்தின் முதன்மையான வேலை அல்லாத போகத்தை.

சிறுகுளம் கட்டப்பட்டது சிறுபோகத்துக்காக அல்ல, மாரி மழையோடு செய்யும் காலபோகத்தைக் காப்பதற்காக. ஐப்பசியில் விதைத்த மூன்றரை மாத நெல்லுக்குக் கார்த்திகையிலும் மார்கழியிலும் வடகீழ்ப் பருவமழையே பெரும்பாலும் போதும். மழை கை விடுவது தையில், கதிர் வந்து பால் பிடிக்கும் நேரத்தில். அந்த நேரத்தில் மூன்று அங்குலம் வீதம் இரண்டு தண்ணீர் பாய்ச்ச முடிந்தால் வயல் தப்பிவிடும். கட்டுக்குக் கீழே 40 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டியது 20 ஏக்கர் அடி. வழியில் போவதையும் சேர்த்தால் 30. நம் 64 ஏக்கர் அடிக் குளம் அதைக் கொடுத்துவிட்டு, மாடுகளுக்கும் கிணறுகளுக்கும் மிச்சமும் வைத்திருக்கும். ஆகவே ஒப்பிட வேண்டியது ஆறு ஏக்கரையும் பதினாறு ஏக்கரையும் அல்ல. ஒரு பக்கம் குளத்தரையில் பதினாறு ஏக்கர் புதுவயல். மறுபக்கம் மழையை நம்பிய மானாவாரியாகக் கிடக்கும் நாற்பது ஏக்கர் பழைய வயலுக்கான உத்தரவாதம். புதுவயலின் நெல் கண்ணுக்குத் தெரியும், காப்பாற்றப்பட்ட நெல் தெரியாது. கூட்டங்களில் முதல் வழி எளிதாக வெல்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குளத்தரை வயலின் சொந்தச் சிக்கல்களும் சிறியவை அல்ல. மேட்டில் செங்கபில மண், பள்ளத்தில் நீர் வடியாத களி என்று வன்னி நிலம் சரிவுக்கு ஏற்றபடி மாறிச் செல்லும். குளத்தரை அந்தச் சரிவின் கடைசிப் படியில் இருப்பது. கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் மேலே உள்ள காடும் வயலும் வீதியும் சேர்த்து அனுப்பும் நீர் முழுவதும் அங்கேதான் வரும், ஏனென்றால் நீர் வரவேண்டிய இடமாகப் பார்த்துத்தான் முன்னோர் அங்கே கட்டுப் போட்டார்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயலும் 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளமும் எவ்வளவு நீர் எவ்வளவு விரைவாக வந்து சேரும் என்பதை நமக்குக் காட்டியவை. நாற்று மூழ்கி அழுகினால் மறுவிதைப்புக்குக் காலம் இராது. வடிகாலை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினால் மூழ்குவது குறையும். ஆனால் வடிகால் ஆழமாக ஆக, உடைப்பின் வாய் அரித்துப் பள்ளமாகி, அந்தப் பள்ளம் ஒவ்வொரு மழைக்கும் பின்னோக்கி வயலுக்குள் ஏறி வரும். அதைக் கல்லடுக்கியோ கொங்கிறீற் போட்டோ ஒரு மட்டத்தில் நிறுத்த வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்கும்போது, ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்ற பேச்சு அவ்வளவு சும்மாவாக இல்லை.

மண்ணின் வளமும் கடன் வாங்கிய வளமே. மேல்நிலத்திலிருந்து அடித்துவந்த மெல்லிய மண்ணும் இலைக்குப்பையும் பல தலைமுறையாக நின்ற நீரில் படிந்ததால் வந்தது அது. நீர் நிற்காவிட்டால் வண்டல் படியாது. இருப்பதையும் ஒவ்வொரு உழவும் வெயிலுக்குத் திறந்துவிடும். இதன் மிகக் கடுமையான வடிவத்தை இஸ்ரேலின் ஹூலா ஏரியில் பார்த்தார்கள். 1951 முதல் 1958 வரை அந்த ஏரியையும் அதைச் சூழ்ந்த சதுப்பையும் வடித்து விளைநிலமாக்கினார்கள். தாவர மக்கால் ஆன அங்கத்தைய கரிமண் காற்றுப் பட்டதும் சிதைந்து, நிலம் தாழ்ந்து, நிலத்தடியில் தீயும் பற்றியது. அதிலிருந்து கழுவப்பட்ட சத்துக்கள் கலிலேயாக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன. இறுதியில் 1994 இல் ஒரு பகுதியில் மறுபடி நீரைத் தேக்கினார்கள். நம் குளத்தரை கரிமண் அல்ல, களி. அது தீப்பிடிக்கப் போவதில்லை. ஆகவே ஹூலாவை அப்படியே இங்கே பொருத்துவது மிகை. வடித்த தரையின் முதல் சில வருட விளைச்சலை வைத்து நிரந்தர முடிவு எடுக்கக் கூடாது என்ற அளவுக்கு மட்டும் அது நமக்குப் பொருந்தும்.

கலிபோர்னியாவின் துலாரே ஏரி இன்னும் நெருக்கமான பாடம். அதற்கு வந்த ஆறுகளைத் திருப்பி, படுக்கையைப் பருத்தியும் தக்காளியும் விளையும் பெரும் பண்ணைகளாக்கினார்கள். 1983 இலும் 2023 இலும் மழையும் பனியும் மிகுந்தபோது ஏரி தன் இடத்தை அறிந்து திரும்பி வந்து பண்ணைகளை மூடிக்கொண்டது. அங்கே எந்தக் கரையை வெட்டுவது, யாருடைய நிலத்தை மூழ்கவிடுவது என்று எழுந்த சச்சரவைப் படித்தபோது எனக்கு நம் அலைகரைகள்தான் நினைவுக்கு வந்தன.

அலைகரை என்பது குளம் நிரம்பும்போது நீர் ஏறி நிற்கும் மேல்விளிம்பு. வருடத்தில் சில வாரங்களே நனையும் அந்தப் பகுதியை அயலில் உள்ளவர் முதலில் மிளகாய்க்கும் பிறகு நெல்லுக்கும் பிடித்துக்கொள்வது வன்னியில் புதிதல்ல. குளம் நிரம்பத் தொடங்கும்போது அந்தப் பயிர் மூழ்கும். மூழ்காமல் இருக்க ஓர் இரவில் துருசு திறக்கப்படும் அல்லது வான் வெட்டப்படும். விடிந்ததும் கட்டுக்குக் கீழே உள்ளவர் பொலிசுக்குப் போவார். திருத்திய குளத்தின் கொள்ளளவு தாளில் ஒன்றாகவும் நடைமுறையில் வேறாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது, முடிவெடுக்கும் ஊர் பெரும்பாலும் மறந்துவிடும் விடயம்: குளம் தனியாக இல்லை. ஒரே பள்ளத்தாக்கில் மேல்குளத்தின் வான் நீரும் அதன் வயலிலிருந்து வடியும் நீரும் கீழ்க்குளத்துக்கு வரவாகும்படி அவை தொடராக அமைக்கப்பட்டவை. இலங்கையின் வரண்ட வலயத்தில் உள்ள இந்தத் தொடர்க்குள அமைப்பை 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மேல்குளத்தை வடித்து வயலாக்கினால், வெள்ளத்தைச் சில மணி நேரமாவது பிடித்து வைத்து அனுப்பிய ஓர் இடம் தொடரிலிருந்து போய்விடுகிறது. அகலமான புது வடிகால் அதே வெள்ளத்தைக் கீழ்க்குளத்தின் கட்டில் ஒரேயடியாகக் கொண்டுபோய் மோதும். கோடையிலோ பசளையும் களைநாசினியும் கலந்த வடிநீர் கீழ்க்குளத்தில் குளிப்பவரையும் மாட்டையும் வந்து சேரும். மேலூர்க் கூட்டத்தில் எடுத்த முடிவுக்குக் கீழூர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். எனவே கமநல சேவை நிலையத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் கீழ்க்குளத்துக் கமக்காரர் அமைப்பைக் கூட்டத்துக்கு அழைப்பதே முறை.

கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுக்குக் கீழே உள்ள கிணறுகளின் ஆடி, ஆவணி நீர்மட்டம் பெரும்பாலும் குளத்தின் கசிவைச் சார்ந்தது. ஆவியாதலும் கசிவும் சேர்ந்து பாதி நீரைக் கொண்டுபோகிறது என்று மேலே சொன்னேன்; அந்தக் கசிவு முழுவதும் நட்டம் அல்ல. அது வீட்டுத் தோட்டத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் துலாவிலும் பம்பிலும் திரும்பி வருகிறது. குளத்தரை வயலுக்கு வாதாடுபவர்கள் இந்தப் பகுதியைச் செலவுப் பக்கத்தில் எழுதுவார்கள்; நான் வரவுப் பக்கத்தில் எழுதுவேன். பட்டி மாடுகளுக்குக் கோடையில் புல்லும் நீரும் கிடைப்பதும், நன்னீர் மீன் பிடிப்பவருக்குத் திலாப்பியா கிடைப்பதும் அதே பக்கத்தில் சேர வேண்டியவை.

அப்படியானால் குளத்தை மீட்பதே எப்போதும் சரியா? அப்படியும் சொல்ல மாட்டேன். திருத்த வேலை என்றால் உடனே எக்ஸ்கவேற்றரைக் கொண்டுவந்து நடுக்குளத்தை ஆழமாகத் தோண்டுவது வழக்கமாகிவிட்டது. படிந்த வண்டலை அளவாக எடுத்து வயலுக்குப் போடுவது நல்லது. ஆனால் அடியில் நீரைத் தாங்கி நிற்கும் களிப்படையைக் கிழித்துவிட்டால், பார்வைக்கு ஆழமான குளம் பங்குனியிலேயே வற்றிப்போகும். தோண்டிய மண் செங்கல் சூளைக்குப் போகிறதா கட்டுக்குப் போகிறதா என்பதைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். கட்டுக்குப் பின்னால், வயல் தொடங்குமுன், மருதும் புதரும் அடர்ந்து உப்பு நீரை உறிஞ்சி நிற்கும் ஈரப்பட்டை ஒன்று பழைய குளங்களில் இருக்கும். ‘துப்புரவாக்குதல்’ என்ற பெயரில் அதை வழித்து எடுத்தால் முதல் வரிசை வயல்களில் உவர் ஏறும். யுத்தம் நடந்த பகுதியானால், கட்டிலும் அலைகரையிலும் மண்ணில் கை வைப்பதற்கு முன் மிதிவெடி அகற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இது மூன்று வழிகளுக்கும் பொது. எல்லாவற்றுக்கும் மேலாக, குளத்துக்கு நீர் வரும் காடு வெட்டப்பட்டு, வரவு வாய்க்கால்களுக்குக் குறுக்கே வீதிகள் போடப்பட்டிருந்தால், எவ்வளவு நல்ல கட்டுக் கட்டினாலும் அது மழைநீர்க் குட்டையாகவே இருக்கும்.

மூன்றாவது வழிக்கு என் மனம் சாய்வதற்குக் காரணம், மழையில் இரண்டு பயிர் நிலங்களும் எதிரெதிராக நடந்துகொள்வதுதான். மழை மிகுந்த வருடத்தில் குளத்தரை மூழ்கும், கட்டுக்குக் கீழுள்ள வயல் செழிக்கும். மழை பொய்த்த வருடத்தில் குளம் கால்வாசியும் நிரம்பாது, கீழ் வயல் கருகும். ஈரம் எஞ்சியிருக்கும் ஒரே இடம் குளத்தரையாக இருக்கும். அந்த வருடத்தில் அதை வெறும் தரையாக விடுவது வீண். நீர் பின்வாங்கப் பின்வாங்க, சோளகக் காற்று எழுந்து களி பாளம் பாளமாக வெடிக்குமுன், எஞ்சிய ஈரத்திலேயே எள்ளோ பயறோ கௌபியோ போட்டு எடுத்துவிடலாம். பயறு இரண்டு மாதம், உழுந்து இரண்டரை மாதம். மழை தொடங்குமுன் நிலம் மறுபடி குளத்துக்குத் திரும்பிவிடும். நெல்லைவிட இவற்றுக்கு நீரும் குறைவு. வவுனியாவின் உழுந்துக்குச் சந்தையில் இருக்கும் பெயரையும், நெல் அறுவடை வந்தவுடன் விலை விழும் வழக்கத்தையும் அறிந்தவருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. யப்பானில் ஹச்சிரோகத்தா ஏரியை 1957 இலிருந்து வடித்து நெல்வயலாக்கிக் குடியேறியவர்கள், நிலம் கைக்கு வந்த சிறிது காலத்திலேயே நாட்டில் அரிசி மிதமிஞ்சி, நெற்பரப்பைக் குறைக்கச் சொல்லும் அரசாங்கத்தோடு பல வருடம் மல்லுக்கட்டினார்கள். குளத்தரை என்றாலே நெல் என்று நினைப்பதற்கு முன் அதையும் யோசிக்கலாம்.

ஆனால் மூன்றாவது வழிதான் மிக எளிதாகக் கெட்டுப்போகக் கூடியதும். ஒரு வருடம் உழுந்து போட்டவர் மறுவருடம் வேலி போடுவார். வேலி போட்டவர் தென்னை நடுவார். தென்னை காய்த்த பிறகு அந்த இடம் குளம் என்று சொல்ல எந்தக் கிராம அலுவலருக்கும் தைரியம் வராது. குளத்தரை அரச நிலம். குளத்தையும் அதன் ஒதுக்கு நிலத்தையும் காக்க 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. என்றாலும் சட்டம் கொழும்பில் இருக்கிறது, வேலி அலைகரையில் இருக்கிறது. ஆகவே திணைக்களத்தின் எழுத்து அனுமதியோடு, கமக்காரர் அமைப்பு தன் கூட்டக் குறிப்பில் ஒழுங்குகளைப் பதிந்த பிறகே முதல் விதை விழ வேண்டும். துண்டுகளை வருடந்தோறும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும், யாருக்கும் அதே துண்டு தொடர்ந்து இரண்டு வருடம் வரக் கூடாது. வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்கும் அறவே நிலம் இல்லாதவருக்கும் முதலிடம் கொடுக்கலாம். வேலி, மரம், கிணறு, களைநாசினி எதுவும் கூடாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று குளத்து மட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் அதே கூட்டத்திலேயே குளத்தரையைத் திறப்பதா என்பதையும் தீர்மானித்தால், இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்கும்.

முதல் வழி சரியாக வரும் குளங்களும் சில உண்டு. கட்டுக்குக் கீழே வயல் இல்லாமல் போயிருக்க வேண்டும், அது காடாகி வன இலாகா எல்லைக் கல்லுக்குள் போனதாகவோ வீட்டுத்திட்டமாக மாறியதாகவோ இருக்கலாம். அந்தக் குளத்தின் கசிவை நம்பிய கிணறுகள் இருக்கக் கூடாது. தொடரில் அதற்குக் கீழே உள்ள குளத்தின் கட்டும் வானும் கூடுதல் வெள்ளத்தைத் தாங்கும் என்று பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால், அந்தக் குளத்தரையை வயலாக்க நான் தடை சொல்ல மாட்டேன். அப்போதும் உடைப்பின் வாயைக் கல்லடுக்கி உயர்த்தி, முழங்கால் அளவு நீராவது ஒரு கிழமை நிற்கும்படி வைத்தால், வண்டல் அங்கேயே தங்கும், கீழே போகும் வெள்ளமும் சற்று ஆறிப் போகும். அப்படி வாய் உயர்த்திய வயலில் உயரமாக வளரும் பழைய நெல்லினங்கள் குட்டை நெல்லைவிட நன்றாகத் தப்பும்.

இது எதுவாயினும் ஊர் முதலில் செய்ய வேண்டியது கட்டின்மேல் அல்ல, கட்டுக்குக் கீழே நடந்து பார்ப்பது. துருசிலிருந்து பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, எத்தனை வயல் இன்னும் விதைக்கப்படுகிறது, எத்தனை கிணற்றில் ஆவணியில் நீர் இருக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள இரண்டு நாள் போதும். ஆவணியில் பார்ப்பதே நல்லது. மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.